தண்ணி போதும், கண்ணு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆளு சார் நான். எங்க ஊட்ல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமை கோயிலு, சாயங்காலம் ஜெபம், செத்தவங்க கர்த்தருக்குள்ள தூங்கறாங்க, கடைசி எக்காளம் ஊதறப்பதான் எழுந்துப்பாங்க, அதுக்கு நடுவுல எழுந்து வந்தாங்கன்னு எவனாவது சொன்னா அவன் புளுகறான், அவ்ளோதான். இன்னிக்கும் எனக்கு அதே நெனப்புதான். ஆனா ஒரு தபா, ஒரே ஒரு தபா, அதுவும் ராத்திரி கூட இல்ல, பட்டப்பகல்ல, நூறு நூத்தம்பது பேரு நின்னுகினு இருக்கறப்ப எனக்கு ஒன்னு நடந்துச்சி. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நீங்க இஞ்சினீரு, காலையில இருந்து சின்ன சுத்தியை வெச்சிகினு பாலத்தோட வயித்துல தட்டித் தட்டிப் பாத்துகினு இருக்கீங்க, "யாரும்மா கட்டினது, ஒரு விரிசல் கூட இல்லையே"ன்னு நீங்களே வாய விட்டுக் கேட்டீங்க, அதனால சொல்றேன். நடுவுல சிரிச்சீங்கன்னா நிறுத்திடுவேன்.

என் பேரு எஸ்தரு. அப்ப எனக்கு இருவத்திரெண்டு வயசு. யுத்தம் நடந்துகினு இருந்த காலம், திருத்தணி அப்ப சித்தூர் ஜில்லாவுல இருந்துச்சி. இந்த ஆத்துல பாலம் கிடையாது. மத்த நாள்ல மணல்ல எறங்கி நடந்துடலாம், மழை காலம் வந்தா போச்சி, பொதட்டூர்பேட்டையில இருந்து துணி மூட்டை ஏத்திகினு ரயிலுக்கு வர்ற வண்டியெல்லாம் அந்தாண்டயே நிக்கும், தண்ணி வடிய ரெண்டு நாளும் ஆவும் நாலு நாளும் ஆவும். பிரசவ வலி கண்ட பொம்பளைய வண்டியில படுக்க வெச்சிகினு எதிர்க்கரையில நின்னு கத்தினவங்கள நானே பாத்திருக்கேன். அப்பறம் பட்டாளத்து லாரி போவணும்னு அவசரம் வந்துச்சி, பாலத்துக்கு உத்தரவு வந்துச்சி. ஆனா இரும்பு? இரும்பை கண்ணுலயே காட்ட மாட்டாங்க, எல்லாம் யுத்தத்துக்குப் போயிடும். அதனாலதான் வளைவுப் பாலம் போட்டாங்க.

எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னா எங்க அண்ணன் சொல்லும். அண்ணன் பேரு யோசேப்பு, தச்சு வேலை, நெட்டையா இருக்கும், தோள்ல எப்பவும் ஒரு துண்டு. தச்சனுக்கு யோசேப்புன்னு பேரு வெச்சா வேற இன்னா ஆவான்னு கோயில்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. எங்க நைனாவும் அம்மாவும் எனக்கு ரெண்டு வயசு இருக்கறப்பவே ஒருத்தர் பின்னால ஒருத்தர் போயிட்டாங்க. அண்ணனுக்கு அப்ப பதினஞ்சு. எங்க கோயில் ஐயரு, பாதிரியாரு, என்னை அனாதை விடுதியில உட்டுடுன்னாராம், அண்ணன் மாட்டேன்னுடுச்சாம். எனக்கு தலை பின்னி உட்டது, சோறு ஆக்கிப் போட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது எல்லாம் அதுதான். கல்யாணமே கட்டிக்கல. என்னைத்தான் எங்க அத்தை மவன் தானியேலுக்குக் கட்டி வெச்சிச்சி. அவரை நான் சின்ன வயசுல இருந்து பாவான்னு கூப்புட்டே பழக்கம். அவரும் அண்ணன்கூடவே தச்சு வேலை. ஆக மூணு பேருக்கும் ஒரே ஊடு, ஒரே அடுப்பு.

இந்தப் பாலத்துக்கு சாரம் கட்டின மேஸ்திரி எங்க அண்ணன்தான் சார். வளைவு போடணும்னா முதல்ல அதே வளைவா மரத்துல ஒன்னு கட்டணும், அது மேல கான்கிரீட்டு போடணும், அது இறுகினப்பறம் கீழ இருக்கற மரத்தைப் பிரிச்சி எடுக்கணும், உங்களுக்குத் தெரியாததா. அண்ணன் எனக்கு கையைக் கோத்துக் காட்டும். "இது எதையும் புடிச்சித் தொங்கறது இல்ல கண்ணு, ஒன்னை ஒன்னு நெருக்கிகினு நிக்கறது. நெருக்கிகினு நிக்க இரும்பு எதுக்கு? ரெண்டு கரையும் கெட்டியா இருந்தா போதும்"னு சொல்லும். என்னைக் கண்ணுன்னுதான் கூப்புடும். எஸ்தருன்னு கூப்புட்டா கோவமா இருக்குதுன்னு அர்த்தம்.

சாரத்தைப் பிரிக்கறதுதான் பெரிய கண்டம். ஒரு பக்கம் சட்டுனு எறங்கிட்டா எல்லாம் கோணிகினு உழுந்துடும். அதுக்கு அண்ணன் ஒவ்வொரு காலுக்குக் கீழயும் ஒரு பெட்டி வெச்சி, அதுல மணலை ரொப்பி, அந்த மணல் மேல மரக்காலை நிக்க வெச்சிச்சி. மொத்தம் இருவது பெட்டி. பெட்டிக்கு அடியில ஒரு ஓட்டை, அதுல ஒரு முளை. முளையப் புடுங்கினா மணல் கொஞ்சம் கொஞ்சமா கொட்டும், காலும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். மணல்ல ஈரம் இருக்கக் கூடாதுன்னு, ஆத்து மணலை சலிச்சி, பெரிய வாணால்ல போட்டு வேர்க்கடலை வறுக்கற மாதிரி வறுத்துச்சி சார். பெட்டி வாயெல்லாம் தார் பூசின கோணியால சுத்திக் கட்டினாங்க, மேல இருந்து தண்ணி உள்ள போவாம இருக்கறதுக்கு.

மேல தண்ணி ஊத்தறது யாரு? நான்தான்.

கான்கிரீட்டு போட்டப்பறம் ஒரு மாசம் அதைக் காய உடக் கூடாது, கோணி போட்டு நனைச்சிகினே இருக்கணும், இப்ப கியூரிங்னு சொல்றீங்களே அது. அந்த வேலைக்கு என்னையும் மங்கம்மான்னு ஒரு தெலுங்குக்காரியையும் போட்டாங்க. சித்திரை வெய்யிலு. ஆத்துல ஊத்து தோண்டி, குடத்துல மொண்டு, ஏணியில ஏறி வளைவு மேல ஊத்துவோம். ஊத்த ஊத்த கல்லு உஸ்ஸுன்னு குடிக்கும். பத்து நாளு அப்பிடியே போச்சி.

அப்பறம் ஊருல வாந்திபேதி வந்துச்சி.

அண்ணனுக்கு ஒரு காலையில ஆரம்பிச்சது, மறுநாள் காலையில முடிஞ்சிடுச்சி. அவ்ளோதான் டயம். கம்பவுண்டரு வந்து மருந்து குடுத்துட்டு, "தண்ணி மட்டும் குடுத்துடாதீங்க, குடுத்தா நிக்காது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. அண்ணன் தண்ணி கேட்டுச்சி. கேட்டுகினே இருந்துச்சி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிகிச்சி, பேச்சு வரல, வெறும் காத்துதான் வந்துச்சி, அதுலயும் தண்ணிதான். பாவா அழுதாரு. "ஒரு வாயி குடுத்துடு எஸ்தரு, கேக்கறான்ல"ன்னாரு. நான் குடுக்கல. பானையத் தூக்கி என் பின்னால வெச்சிகினேன். பொழைச்சிடும்னு நெனச்சேன் சார், குடுக்காம இருந்தா பொழைச்சிடும்னு நெனச்சேன். விடியக்காலம் அது கேக்கறதை நிறுத்திச்சி. நான் கொஞ்சம் தேவலன்னு நெனச்சேன்.

அடக்கம் பண்ணி மூணாம் நாளு வேலைக்குப் போயிட்டேன். ஊட்ல இருக்க முடியல. பாவாகூட நான் பேசல. அவரு மேல கோவம்னு ஊரே நெனச்சிச்சி. கோவம் இல்ல. அவரு சொன்னது சரி, நான் செஞ்சது தப்பு, அந்த மூஞ்சியை எப்பிடிப் பாக்கறது? சோறு போட்டு வெச்சிட்டு வெளிய போயி உக்காந்துப்பேன். சாரத்துக்கு அவருதான் இப்ப மேஸ்திரி. ஒரே வேலையில, ஒரே ஊட்ல, ஒரு பேச்சு இல்லாம இருந்தோம்.

தண்ணி ஊத்தினேன். ஒரு குடம் ஊத்துன்னா ரெண்டு ஊத்தினேன். உச்சி வெய்யில்ல எல்லாரும் நெழலுக்குப் போயிடுவாங்க, நான் மட்டும் ஏறி எறங்கிகினு இருப்பேன். "ஒத்தம்மா, வேணாம், அதுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான குடிக்கும்"னு மங்கம்மா திட்டுவா. என் காதுல ஏறல. கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாயி குடுக்காத கை, கல்லுக்கு ஆத்தையே மொண்டு ஊத்திச்சி. வளைவுல இருந்து ரெண்டு பக்கமும் ஒழுகி கீழ மரத்துல எறங்கும், நான் அதைக் கூடப் பாக்கல.

மாசம் முடிஞ்சி, தண்ணி நிறுத்தி நாலு நாளு கழிச்சி சாரம் பிரிக்க நாள் குறிச்சாங்க. ஊரே ரெண்டு கரையிலயும் வந்து நின்னுச்சி. தேங்கா ஒடைச்சாங்க, எங்க ஐயரும் வந்து ஒரு ஜெபம் பண்ணாரு. பெரிய இஞ்சினீரு இந்தக் கரையில விசிலோட நின்னாரு. சின்ன இஞ்சினீருன்னு ஒருத்தரு, மெட்ராஸ்ல இருந்து வந்து ஒரு வாரம்தான் ஆச்சி, அவரு எதிர்க்கரையில முக்காலி மேல லெவல் மிஷினை வெச்சிகினு, வளைவு எவ்ளோ எறங்குதுன்னு பாத்துகினு இருந்தாரு. பாவாவும் இன்னும் நாலு பேரும் வளைவுக்குக் கீழ போனாங்க. ஒரு விசிலுக்கு ஒவ்வொரு பெட்டியிலயும் ஆழாக்கு மணல்தான் எடுக்கணும், உடனே அடைச்சிடணும், நடுவுல ஆரம்பிச்சி ரெண்டு பக்கமும் சமமா வரணும். குறுக்க ஒரு கயிறு கட்டி, பொம்பளைங்க எல்லாரும் அதுக்கு இந்தாண்டன்னுட்டாங்க.

மூணு விசில் ஆச்சி. எல்லாப் பெட்டியிலயும் மணல் நல்லாதான் கொட்டுதுன்னு கீழ இருந்து கொரல் குடுத்தாங்க. பெரிய இஞ்சினீரு தலைய ஆட்டினாரு. நாலாவது விசிலும் ஊதிட்டாரு.

அப்பதான் சார்.

"தண்ணி போதும், கண்ணு."

அவ்ளோதான். கத்தல. ரகசியமாவும் பேசல. சோறு போடறப்ப கையைக் காட்டி போதும்னு சொல்லுவோமே, அப்பிடி, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. அண்ணன் குரலு. ஆனா சாவறப்ப இருந்த குரல் இல்ல. அது வறண்ட குரலு, அதை நான் மறக்க மாட்டேன். இது வயிறு நெறயக் குடிச்சிட்டு, புறங்கையால வாயத் தொடச்சிகினு பேசறவனோட குரலு. ஈரமா இருந்துச்சி.

திரும்பிப் பாத்தேன். மங்கம்மா வெத்தல மென்னுகினு நிக்கறா.

"யாருனா பேசினாங்களா?"ன்னு கேட்டேன்.

"ஏமி? யாரும் பேசலியே. ஏன் அழுவுற?"ன்னா.

நான் அழுதுகினு இருந்தது அவ சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணனுக்கு என் மேல கோவம் இல்லன்னுதான் முதல்ல தோணிச்சி, நெஞ்சு அப்பிடியே எளகிப் போச்சி. அதுக்கு மேல ஒன்னும் தோணல. அப்பறம்தான், ஏன் இப்ப சொல்லிச்சி? தண்ணி நிறுத்தி நாலு நாளு ஆச்சே, இப்ப எதுக்குப் போதுங்குதுன்னு ஒரு யோசனை வந்துச்சி. அப்ப நான் ஊத்தின தண்ணியெல்லாம் எங்க போச்சி? கல்லு குடிச்சது போவ மீதி எங்க எறங்கிச்சி? கீழதான எறங்கிச்சி, பெட்டிங்க மேலதான!

கயித்தைத் தூக்கிட்டு ஓடினேன். பின்னால யாரோ புடவையைப் புடிச்சாங்க, கிழிஞ்சிச்சி. பெரிய இஞ்சினீரு "ஏய், யாரும்மா அது, திரும்பு"ன்னு கத்தறாரு. வளைவுக்குக் கீழ ஒரே மரக்காலு, நெழலு, தார் வாசனை. பாவா அந்தக் கரை பக்கத்துல ஒரு பெட்டிக்கிட்ட குந்திகினு முளையில கை வெச்சிகினு இருக்காரு.

"பாவா, வெளிய வா"ன்னேன்.

இருவது நாளுக்கு மேல ஆச்சி சார் நான் அவருகிட்ட வாயத் தொறந்து. அவரு என் மூஞ்சியை ஒரு தபா பாத்தாரு. ஏன்னு கேக்கல, எதுக்குன்னு கேக்கல. முளையை அடைச்சிட்டு எழுந்தாரு, "எல்லாரும் வெளிய வாங்கடா"ன்னு ஒரு சத்தம் போட்டாரு, என் கையைப் புடிச்சிகினாரு, ஓடி வந்தோம்.

வெளிய வந்து நின்னா ஒன்னும் ஆவல. எல்லாம் சும்மா நிக்குது. ஒரு காக்கா கூடக் கத்தல. ஊரே என்னைப் பாக்குது. பெரிய இஞ்சினீரு மூஞ்சி செவந்து போயி வந்தாரு.

"வேலைய நடுவுல உட்டுட்டு எதுக்குய்யா வந்தீங்க? இவ யாரு?"

"என் சம்சாரங்க. யோசேப்பு மேஸ்திரி தங்கச்சி."

"இன்னாம்மா ஆச்சி உனக்கு?"

"மணல்ல தண்ணி போயிருக்குதுங்க"ன்னேன். "உனக்கு யாரு சொன்னா?"ன்னாரு. வாய் தவறி "அண்ணன் சொல்லிச்சி"ன்னுட்டேன். யாரோ சிரிச்சாங்க. பெரிய இஞ்சினீரு சிரிக்கல, அண்ணன் மேல அவருக்கு மதிப்பு உண்டு, ஆனா நம்பவும் இல்ல. "மணல் நல்லா கொட்டுதுன்னு நீங்களேதான சொன்னீங்க? போங்க உள்ள"ன்னாரு.

பாவா நகரல. "நான் ஒருத்தன் மட்டும் போறேங்க, ஒரு கம்பிய உட்டு நோண்டிப் பாத்துட்டு வந்துடறேன், அப்பறம் மத்தவங்க வரட்டும்"னாரு. நான் அவரு கையை உடல. அவரு என் வெரலை ஒன்னு ஒன்னா எடுத்து உட்டாரு, எடுத்து உட்டுட்டு ஒரு அடி வெச்சிருப்பாரு சார். ரெண்டாவது அடி வெக்கல.

டம்முன்னு ஒரு சத்தம். பீரங்கி மாதிரி. அந்தக் கரை பக்கத்து மரக்காலு ஒன்னு ஒரு மொழத்துக்கு கீழ எறங்கிச்சி, அது இழுத்துகினு பக்கத்து காலும் மடங்கிச்சி, மேல இருந்த சட்டமெல்லாம் முறிஞ்சி, கொஞ்ச நேரம் முன்னால அஞ்சு பேரும் குந்திகினு இருந்த எடத்துல மொத்தமா வந்து உழுந்துச்சி. ஒரே புழுதி. நூறு பேரு ஒரே வாயா ஐயோன்னு கத்தினாங்க. நான் கண்ணை மூடிகினேன். வளைவும் உழப் போவுதுன்னு எல்லாரும் பின்னால ஓடறாங்க.

உழல சார். புழுதி அடங்கினப்பறம் பாத்தா, கீழ மரமெல்லாம் குப்பையா கெடக்குது, மேல வளைவு மட்டும் தனியா நிக்குது, ஆத்துக்கு மேல, எதையும் புடிச்சிக்காம, வெள்ளையா. எதிர்க்கரையில இருந்து சின்ன இஞ்சினீரு ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு, ஒரு நூலு அளவு கூட வளைவு எறங்கலன்னு. பெரிய இஞ்சினீரு அப்பிடியே மணல்ல உக்காந்துட்டாரு.

மறுநாளு அந்தப் பெட்டியை ஒடைச்சிப் பாத்தாங்க. கட்டின கோணி ஒரு பக்கம் கிழிஞ்சி, தண்ணி உள்ள போயி, மேல் மணலு வெல்லக்கட்டி மாதிரி இறுகிப் போயி பெட்டிப் பலகையில ஒட்டிகிச்சி. அடி மணல் மட்டும் காய்ஞ்சி இருந்துச்சி, அதுதான் மூணு விசிலுக்கும் ஒழுங்கா கொட்டிச்சி. கொட்டக் கொட்ட உள்ள வெறும் பொந்து. அந்தப் பொந்துக்கு மேல மணலே ஒரு சின்ன வளைவு மாதிரி கட்டிகினு, அது மேலதான் அவ்ளோ பாரமும் நின்னுகினு இருந்துச்சாம். வெளிய இருந்து பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு பெரிய இஞ்சினீரே சொன்னாரு. எனக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சின்னு அவரு அப்பறம் கேக்கவே இல்ல.

யாரு தண்ணின்னு எனக்குத் தெரியும்ல. "என் தண்ணிதாங்க"ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பாவா, "அந்தக் கோணி கட்டினது நான்தாங்க, இறுக்கிக் கட்டல, தப்பு என்னுது"ன்னுட்டாரு. அவரு கட்டலன்னு எனக்குத் தெரியும். அதைக் கட்டினது அண்ணன்.

அன்னிக்கி சாயங்காலம் ஊட்டுக்கு வந்து சோறு போட்டேன். வழக்கம் போல எழுந்து வெளிய போவப் போனேன். "உக்காரு எஸ்தரு"ன்னாரு. உக்காந்தேன். அவரு தட்டைப் பாத்துகினே பேசினாரு. "அவன் கேட்டப்ப நீ குடுக்கல. சரி. நான் குடுத்திருக்கலாம்ல? நீ இன்னா என்னைவிட பலசாலியா? பானை எனக்கும் எட்டற தூரத்துலதான இருந்துச்சி. எனக்கும் பயம். அதுல பாதி என்னுது எஸ்தரு, எல்லாத்தையும் நீயே தூக்கிகினு திரியாத"ன்னாரு. அப்பதான் சார் நான் எங்க அண்ணனுக்காக அழுதேன், அது போயி இத்தினி நாளு கழிச்சி. அதுக்கு முன்னாடி அழுததெல்லாம் எனக்காக அழுதது. அந்தக் குரலு சொன்னதை அவருகிட்ட அப்பிடியே சொன்னேன். சிரிக்கல. "ஈரமா இருந்துச்சின்னியா?"ன்னு மட்டும் ரெண்டு தபா கேட்டாரு. ஆங்ன்னேன். மூஞ்சியத் திருப்பிகினாரு.

சரி, இதுவரைக்கும் எதுனா ஒரு விதத்துல அர்த்தம் சொல்லிடலாம். மனசுல இருந்தது காதுல கேட்டுச்சின்னு சொல்லலாம். ஒழுகினதை நான் பாக்காமலே பாத்து வெச்சிருப்பேன், அது உள்ள இருந்து பேசிச்சின்னு எங்க ஐயரு சொன்னாரு. நானும் அப்பிடித்தான் வெச்சிகினேன். இன்னும் ஒன்னு இருக்குது, அதுக்குத்தான் எனக்கு வழி தெரியல.

மூணாம் நாளு அந்த சின்ன இஞ்சினீரு எங்க ஊட்டுக்கு வந்தாரு. எங்க அண்ணன் செத்தப்பறம் வேலைக்கு வந்தவரு, அண்ணனைப் பாத்ததே கிடையாது, ஞாபகம் வெச்சிக்கோங்க. சாமி கும்புடற ஆளும் இல்ல. கையில நோட்டு. மூஞ்சியில கோவம்.

"எம்மா, அன்னிக்கி சாரத்துக்குக் கீழ எத்தினி பேரு இருந்தீங்க?"

"அஞ்சு பேரும் நானுங்க."

"அதெல்லாம் மறைக்காதம்மா. நான் எதிர்க்கரையில இருந்து நல்லா பாத்தேன். நீங்க ஆறு பேரும் ஓடி வந்துட்டீங்க. உங்களுக்குப் பின்னால ஏழாவதா ஒரு ஆளு வந்தாரே, அவரு யாரு? நெட்டையா, தோள்ல துண்டு போட்டுகினு. உசிரு போற எடத்துல இருந்து எல்லாரும் ஓடறீங்க, அந்த ஆளு ஓடலியே! கோயில் பிரகாரத்துல நடக்கற மாதிரி, வளைவையே அண்ணாந்து பாத்துகினு, மெதுவா நடந்து வந்தாரு. அது கூட போவுது. சாரத்துக்குக் கீழ ஒரு குழந்தையத் தூக்கிகினு வரலாமா? அறிவு வேணாமா?"

"குழந்தையா?"ன்னேன்.

"ஆமா, இடுப்புல. பொண் குழந்தை, ரெண்டு வயசு இருக்கும். அதுக்கு வேற மேல கையக் காட்டி வேடிக்கை காட்டிகினு வராரு, அதுவும் சிரிச்சிகினு வருது. யாரு குழந்தைம்மா அது? சொல்லு, எழுதிக்கறேன்."

எனக்குத் தெரியாதுன்னுட்டேன். பாவாவும் தெரியாதுன்னாரு. அவரு நம்பல, மொணகிகினே போயிட்டாரு, அப்பறம் வேற ஊருக்கு மாத்தி உட்டுட்டாங்க. அதுக்கப்பறம் எனக்கு மூணு புள்ளைங்க, எல்லாம் பசங்க, பாவாவும் போயி பல வருஷம் ஆச்சி. இந்தப் பாலத்துல எத்தினி தபா நடந்திருக்கேன், எத்தினி வண்டி லாரி போயிருக்குது, பயம்னு ஒன்னு எனக்கு இங்க வந்ததே இல்ல. ஆனா அந்தப் பேச்சு ஞாபகம் வந்தா மட்டும் கையில இருக்கறதை அப்பிடியே கீழ வெச்சிடுவேன்.

அண்ணன் கல்யாணம் கட்டல சார். அது இடுப்புல உக்காந்து வளந்தது இந்த உலகத்துல ஒரே ஒரு குழந்தைதான். அந்தக் குழந்தை அந்த நேரம் இருவத்திரெண்டு வயசுப் பொம்பளையா, கிழிஞ்ச புடவையோட, பாவா கையைப் புடிச்சிகினு முன்னால ஓடிகினு இருந்துச்சே.

அப்ப அண்ணன் தூக்கிகினு வந்தது யாரை சார்?